கதவு திறந்தால் நிற்க வேண்டும்

ஊசி எண்ணெய் வாசம் உனக்குத் தெரியாததா? பனியன் துணியில் பட்டால் லேசில் போகாது, மூக்கில் பட்டாலும் அப்படித்தான். இன்று பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியைத் திறந்ததும் அந்த வாசம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் நாம் செய்த சர்க்யூட் போர்டு கண்ணில் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்த கையோடு இருந்த மகளான உன்னையும் உன் தோழியான என்னையும் நம்பி, மண்ணரையில் இருந்த தன் நிட்டிங் கம்பெனியில் உன் அத்தா ஒரு மிஷினைக் கொடுத்தார். அதை ஓட்டியவர் உன் அண்ணன். நூல் அறுந்தால் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு முடிச்சுப் போட வேண்டும். கதவு திறந்த நொடியே மிஷின் நிற்க வேண்டும். நம் போர்டின் முதல் வேலையே அதுதான்.

அந்தச் சின்ன ரியல் டைம் சிஸ்டத்துக்கு த்ரெட் லைப்ரரியையும் நாமே எழுதினோம். த்ரெட் என்றால் இங்கே நூல் இல்லை, ஒரே சிப்பில் மாறி மாறி ஓடும் வேலைகள்; அப்படி மூன்று. மிஷினை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் மூத்தது, திரையில் எண்களைக் காட்டுவது நடு, சுற்றுகளை எண்ணிவைப்பது கடைசி. மூத்தது வந்தால் இளையது ஒதுங்கிவிடும். மூன்றுக்கும் தேவையான மிஷின் நிலவரத்தை எழுதிவைக்கும் மெமரிக்கு ஒரே பூட்டு, ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டிடம்தான் சாவி. எழுதி முடித்ததும் நமக்கு ஏகப்பட்ட கர்வம்.

கதவைத் திறந்து திறந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நின்றது. ஒரே ஒரு தரம் மட்டும், திறந்த பிறகும் சுற்றிவிட்டுத்தான் நின்றது.

"எப்பவாச்சும்தானே கண்ணு, போட்டு ஓட்டலாம்" என்றார் அத்தா.

நீ மிஷினுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாய். "அண்ணன் கையும் எப்பவாச்சும்தானுங்கத்தா உள்ள இருக்கும். ரெண்டும் ஒண்ணா வந்துட்டா?"

அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.

நிறுத்தும் த்ரெட்டுக்கு முதலிடம் கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் என்ன கொடுப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குப் போன நீ வெறுங்குடத்தோடு ஓடி வந்தாய். "ஏம்புள்ள, இங்க வந்து பாரு" என்று என்னைத் தெரு அடிபம்புக்கு இழுத்துப் போனாய்.

பால்குடிக் குழந்தையை வீட்டில் விட்டு வந்த ஒருத்தி தவித்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று எல்லோரும் அவளை முன்னால் விட்டிருந்தார்கள். ஆனால் தன் குடத்துக்குப் பம்பு அடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் அவர்களே கல்யாணக் கதை கேட்க, அவர் அடிப்பதை நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முன்னால விட்டு என்ன பிரயோசனம்? அடிக்கறவங்கள அடிக்க விடோணுமல்ல!" என்றாய்.

போர்டுக்குள் நடந்ததும் அதேதான். கடைசி த்ரெட் சாவியை வைத்திருக்கும் சமயம் பார்த்து நடு த்ரெட் வந்து அதை ஒதுக்கிவிடுகிறது. ஒதுங்கிய கடைசி த்ரெட் மறுபடி ஓடி வேலையை முடித்துச் சாவியைத் தரும்வரை மூத்தது காத்துக்கிடக்கிறது. சாவி வைத்திருக்கும் த்ரெட்டுக்கு, அதற்காகக் காத்திருக்கும் த்ரெட்டின் மூப்பு கொஞ்ச நேரத்துக்கு வந்து சேரும்படி லைப்ரரியை மாற்றினோம். நடுவில் யாரும் புக முடியாது. இதற்குப் புத்தகங்களில் பெரிய பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாம் அதைப் பம்படி வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு ஒரு தரம்கூடத் தவறவில்லை. ஆனாலும் ஓடும் மிஷினின் கதவைத் திறந்து, முதலில் உன் கையைத்தான் உள்ளே விட்டாய், ராட்சசி. நான் கத்தியது உன் காதில் விழவே இல்லை. மிஷின் நின்றது. அப்புறம்தான் "இப்ப வைங்கண்ணா" என்று நகர்ந்தாய்.

இப்போதும் ஆபீசில் யாராவது "எப்பவாச்சும்தான் மேடம் அப்படி ஆகுது" என்று வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பிடிவாதக்காரி என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். அது உன் பிடிவாதம் புள்ள, என்னிடம் தங்கிவிட்டது. நீ இல்லாத இந்த ஒரு மாதத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து வீட்டிலிருந்து தூக்கியபோது முன்பக்கம் பிடித்தவர் அண்ணன்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. உன் முகத்தை மூடியிருந்தார்கள். எனக்குப் பார்க்க அவர் கைகள்தான் இருந்தன. பத்து விரல்களாலும் உன்னைப் பிடித்திருந்தார்.