பங்கு என்று சொன்னீர்களே, மச்சான்

ஆசை மச்சானுக்கு,

என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னோடு ஒரு நாளும் சண்டை போடாதவர் நீங்கள். அதனாலேயே உங்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இப்போது அது முற்றிக் கோபமாகிவிட்டது. செத்தவர் மேல் என்னடா கோபம் என்று அக்கா கேட்கிறாள். செத்துப்போனவர் பாதியில் விட்டுப்போனதை நான்தானே அள்ளிக்கொண்டிருக்கிறேன்?

இதை எழுதி, தோட்டத்துக்கு வெளியே இருக்கிற நம் வட்டகொடைக் கடைக் கதவில் ஒட்டப்போகிறேன். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்து ஆட்கள் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டட்டும். என்னைத் திட்டுகிறவர்கள் விஷயம் தெரிந்தாவது திட்டட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் காய்ச்சலில் போன கையோடு, நீங்கள் இருந்த கணக்கப்பிள்ளை வீட்டைப் புதிய ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்காவும் உங்கள் மகளும் மேட்டு லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், இருக்கிறார்கள். அக்கா கூடை கட்டித் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். கடைக்கு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். தம்பி சோற்றில் உட்கார மாட்டேன் என்கிறாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

செல்லத்துக்கு மாசியில் வயிற்றுக்கடுப்பு வந்து, பிழைத்ததே பெரிது. கன்னம் இரண்டும் ஒட்டிப்போய்விட்டது. அடுத்த காம்பராவில் ஒரு கைக்குழந்தை பிழைக்கவில்லை. லயத்துக்குக் கீழே ஓடும் சாக்கடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள், மச்சான். தண்ணீர் பிடிக்கிற பீலி மறுபடியும் வறண்டுவிட்டது.

பீலி முதல் தடவை ஏன் வறண்டது என்பது உங்களுக்குத் தெரியும். கதவைப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். மலை உச்சிக் காட்டில் கசிந்த ஊற்றுத்தான் மூங்கில் குழாய் வழியாக வந்து லயத்துப் பீலியில் விழுந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை அந்தக் காட்டில் பாதியை வெட்டித் தேயிலை வைத்தார். ஊற்று நின்றுபோனது. கீழே இருக்கிற சிங்களக் கிராமத்துக்காரர்களின் ஓடையும் அதே காட்டை நம்பித்தான் ஓடியது. அவர்களை நம் சனங்கள் நாட்டார் என்பார்கள். அவர்கள் வயலுக்குப் போகிற வாய்க்காலிலும் தண்ணீர் பாதியானது.

காட்டை வெட்டியவரைக் கேட்க இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நாட்டாரும் லயத்தாரும் தங்களுக்குள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அப்போது அதே துரை உங்களைக் கூப்பிட்டு, உனக்கு இரண்டு பாஷையும் தெரியும், நீ போய்ச் சமாதானம் பேசு என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். நீங்களும் சரிங்க தொரை என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

பேசி முடித்தும் வந்தீர்கள். நாட்டார் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பிலிருந்து பீலிக்கு ஒரு குழாய். அந்த வாய்க்காலில் இனி லயத்துக்கும் ஒரு பங்கு. சிங்களத்திலும் அது பங்குதான், பங்குவ என்பார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கமும் தலையாட்டியது. அன்று நம் கடையில் எல்லோருக்கும் நான்தான் தேத்தண்ணி கொடுத்தேன். அத்தோடு சண்டை ஒழிந்தது என்று நினைத்தேன்.

இந்த மாசியில் நாட்டார் குழாயை வெட்டி எறிந்தார்கள். தலைப்பில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். கொடுத்த பங்கைப் பறித்த திருடர்கள் என்று லயத்தார் கத்தினார்கள். இரண்டு தரம் கல் பறந்தது. குடத்தோடு போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

அக்காதான் என்னைக் கிளப்பினாள். “அவரு இருந்தா அவரு போயிருப்பாரு. இப்ப நீ போ. ஒனக்கும் சிங்களம் தெரியுமில்ல?” என்றாள். சிங்களம் தெரியும், பொறுமை கிடையாது என்றேன். “பொறுமைக்காரரு போய்ச் சேந்துட்டாரு. இருக்கிறத வச்சுத்தான் பேசணும்” என்றாள்.

கங்காணி வேலுவையும் நாலைந்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன். கிராமத்துத் தலைவரான ஆரச்சி எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. சொன்ன வாக்கை மீறிவிட்டீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். வாக்கை மீறியது நீங்கள்தான் என்றார் அவர். கடல் தாண்டி வந்தவர்களுக்கு இரக்கப்பட்டது எங்கள் தப்பு என்றும் சொன்னார். எனக்கு நாக்கு நிற்குமா? தண்ணீரை நீங்களா மேகத்திலிருந்து இறக்கினீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் ஆட்களில் ஒருவன் மண்வெட்டியைக் கையில் எடுத்தான். நீங்கள் இருந்திருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பீர்கள்.

அந்த மண்வெட்டியைக் காட்டித்தான் ஆரச்சி விஷயத்துக்கு வந்தார். பங்கு வாங்கியவர்கள் ஏன் வாய்க்கால் வெட்ட வரவில்லை என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். அவர்கள் ஊரில் பங்குவ என்றால் வேலை. விதைப்புக்கு முன்னால் வாய்க்காலைக் கோலால் அளந்து ஆளுக்கு ஒரு நீளம் விடுவார்கள். அவரவர் நீளத்தில் சேறு அள்ளிக் கரை கட்டினால்தான் அவரவருக்குத் தண்ணீர். அள்ளாதவனுக்குச் சொட்டும் கிடையாது, அவன் ஆரச்சியின் தம்பியாகவே இருந்தாலும்.

இதை வேலுவுக்குச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பங்குன்னா நமக்கு வர வேண்டியதுங்க. அதுக்கு நாம ஏன் மம்பட்டி தூக்கணும்? தொரைக்கு ஒழைக்கிறது பத்தாதா?” என்றான்.

நடுவில் நான் நின்றேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் உழைப்பைச் சொல்கிறார்கள், நம் ஆட்கள் உரிமையைச் சொல்கிறார்கள். உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. என் மச்சானுக்கு இந்த அர்த்தம் தெரிந்திருக்காது என்று ஆரச்சியிடம் சொன்னேன். அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். அதில் கொஞ்சமும் ஈரம் இல்லை.

“தெரியாதா? போன வருசம் லயத்துப் பங்கு முழுவதையும் அவரே வந்து வெட்டினார், தனி ஆளாக. உன் ஆட்கள் எங்கே என்று கேட்டேன். அடுத்த வருசம் வருவார்கள் என்றார்.”

மச்சான், இது என்ன கூத்து? கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போனீர்களா? அத்தனை லயத்து வேலையை ஒற்றை முதுகு எப்படித் தாங்கியது? இதைப் பற்றி என்னிடம்கூட ஏன் மூச்சு விடவில்லை?

ஏன் என்று எனக்கே தெரிகிறது. வேலை செய்ய வேண்டும் என்று சொன்னால் லயத்தார் எகிறுவார்கள். வர மாட்டார்கள் என்று சொன்னால் நாட்டார் குழாயைத் தர மாட்டார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் இனிக்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை மறைந்துதான் இருந்தது. பிறகு உங்கள் மகளே சாக்கடைத் தண்ணீரைக் குடித்தாள். இதற்குப் பெயர் சமாதானமா? உங்களை நினைத்து அழுகிறேன், மச்சான். அழுது முடித்ததும் திட்டுகிறேன்.

நான் மறைக்கவில்லை. லயத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். கடைக்காரனை நாட்டார் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார்கள். ஒருவன் கடைக் கதவில் சாணி அடித்தான். ஒருத்தரும் போகக்கூடாது என்று வேலு முடிவு கட்டினான். அப்போது அக்கா எழுந்தாள். “தண்ணி தூக்குறது யாரு? நாங்கதானே? அப்ப நாங்களே வெட்டிக்கிறோம்” என்றாள். குழந்தையைப் பறிகொடுத்தவள் அக்கா பக்கத்தில் போய் நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஆரச்சி முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கோலை எடுத்து லயத்து நீளத்தை அளந்துவிட்டார். பெண்களை நாட்டார் நடுவில் விடுவதா என்று சண்டைக்கு வந்த ஆண்கள், சண்டைக்கு ஆள் கிடைக்காமல் தாங்களும் சேற்றில் இறங்கினார்கள். இரண்டு கூட்டமும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துச் சேறு அவர்கள் பக்கம் தெறித்தால் முறைத்தார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் குழாயை மறுபடியும் பொருத்தியாயிற்று, பீலியில் தண்ணீர் விழுகிறது. செல்லம் அதைத்தான் குடிக்கிறாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆரச்சி கடைசியாக ஒரு நீளம் அளந்து தனியாக விட்டார். துரையின் தேயிலை நாற்றுமேடைக்கும் அந்த வாய்க்காலில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள், அதனால் அது துரையின் பங்கு என்றார். அந்த நீளத்தில் சேறு அப்படியே கிடக்கிறது. தண்ணீர் அதன் மேலே தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. நீங்கள் நாட்டாருக்கு ஒரு விதமாகவும் லயத்தாருக்கு ஒரு விதமாகவும் சொன்ன சொல்லைத் துரைக்கு எந்த விதமாகவும் சொல்லவே இல்லையே, ஏன்?

வருகிற ஞாயிறு நான் பங்களாவுக்குப் போகிறேன். துரையின் பங்கைத் துரை ஆள் விட்டு அள்ள வேண்டும், உச்சியில் மிச்சமிருக்கிற காட்டில் இனிக் கத்தி படக்கூடாது, இந்த இரண்டையும் கேட்கப்போகிறேன். ஆரச்சியும் வருகிறார். உனக்காக வரவில்லை, தண்ணீருக்காக வருகிறேன் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். துரைக்குக் கோபம் வந்தால் தோட்டத்துக்குள் இனிக் கால் வைக்காதே என்பார். அக்காவையும் செல்லத்தையும் நான் பார்க்க முடியாமல் போகலாம். அக்காவிடம் சொல்லிவிட்டேன். போய்ட்டு வா என்றாள்.

நீங்களாக இருந்தால் அந்தச் சேற்றையும் யாருக்கும் தெரியாமல் அள்ளிப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது தொரை என்று சொல்லியிருப்பீர்கள். செல்லத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், மச்சான். அதில் ஒரு கூடைகூட நான் அள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
செல்லத்தின் தாய்மாமன்,
உங்களோடு ஒரு சண்டைகூடப் போடக் கிடைக்காத மைத்துனன்
கதிரேசன்