மதகு வரைக்கும் போட்ட முக்காடு

மிஸ்ஸி,

இன்று காலை என் மகள் படிப்பிக்கப் பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில், கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாயில் முக்காட்டு ஊசியைக் கவ்விக்கொண்டே, "உம்மா, பின்னுக்கு இந்த இடத்துல ஒண்டு குத்தி உடுங்களன், எனக்கு எட்டுதில்ல" என்றாள். எனக்குக் கை வரவில்லை. "எனக்குக் கண் வெளிப்பில்ல, மண்டையில குத்திப்போடுவன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவள் முணுமுணுத்தபடி தானே குத்திக்கொண்டு நற்பிட்டிமுனைக்குப் பஸ் ஏறினாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் உம்மா குத்திவிட வேண்டுமாம். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அரிசியில் கிடக்கும் கல்லை இப்போதும் நான்தான் பொறுக்குகிறேன். நான் முக்காட்டுக்கு ஊசி குத்துவதை விட்டு அவளுடைய வயதளவு காலமாகிறது.

அவளை உங்களுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவளை முதலில் தொட்டவர் நீங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்முனையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு அப்பால் வயல், வயலுக்கு நடுவே வாய்க்கால், வாய்க்காலின் மேல் ஒரு மதகு. மதகுக்கு இப்பால் சோனகர் நாங்கள், அப்பால் உங்கள் தமிழ் ஆட்கள். அதுதான் எல்லை என்று சண்டை வந்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. அதற்கு முன்பெல்லாம் நீங்கள் வெள்ளைச் சீலையோடும் கறுப்புப் பையோடும், அடிக்கொரு தரம் செயின் கழரும் சைக்கிளில் அந்த மதகால்தான் வருவீர்கள். எங்கள் பகுதிக்கு அரசாங்கம் போட்ட மருத்துவிச்சி நீங்கள். கோபக்காரி என்றும் பெயர். என் மூத்தவன் பிறந்த அன்று நான் போட்ட கூச்சலுக்கு, "கத்துறத்துக்கு வெச்சிரிக்கிற மூச்ச முக்குறத்துக்கு வையுங்க கா, தெருவுக்கு ஒண்டும் அறிவிக்கத் தேவல்ல" என்றீர்கள். அந்த நோவுக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெருநாளுக்குப் பெருநாள் உங்கள் அக்காவையும் கூட்டிக்கொண்டு வட்டிலப்பம் சாப்பிட வருவீர்கள்.

இரண்டாவது பிள்ளைக்கு நாள் கிட்டிய கிழமை பாதை பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பிள்ளை கால் கீழாகக் கிடக்கிறது என்று கடைசிக் கிளினிக்கில் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதை நினைத்து நானும் என் உம்மாவும் செத்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் சொல்லி அனுப்பாமலே, நாளைப் பார்த்து, ஒரு காலையில் நீங்களாக வயல் வரம்பால் நடந்து வந்தீர்கள். "ஆரும் காணல்லயா புள்ள?" என்று உம்மா பதறினா. "கண்டவங்கதான். வெள்ளச் சீலைக்கு ஆரு என்ன சொல்லப்போறான்" என்று கையைக் கழுவத் தொடங்கினீர்கள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது அவள் பிறந்தாள். முதலில் கால், நெடுநேரம் கழித்துத் தலை. உங்கள் நெற்றி வியர்வை என் வயிற்றில் சொட்டியது. வேறு ஒருவர் என்றால் இரண்டு பேரில் ஒருவரைத்தான் மிச்சம் வைத்திருப்பார்கள். உங்கள் வெள்ளைச் சீலை முழுக்க என் இரத்தம்.

அன்று வாங்கோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓயவில்லை. வயலுக்குப் போய் அந்தப் பக்கத்தாரால் கொல்லப்பட்ட எங்கள் ஆட்களின் ஜனாஸாக்கள் வந்து இறங்கியிருக்கின்றன என்று அறிவித்தது. தெருவில் ஓட்டமும் அழுகையும். என் கணவர் முகம் கறுத்து வந்தார். பிள்ளையைக் கூடப் பார்க்கவில்லை. "மிஸ்ஸிய இனி இஞ்ச வெச்சிரிக்க ஏலா. சந்தியில பொடியனுகள் கத்தி பொல்லோட நிக்கானுகள்" என்றார்.

நீங்கள் பதறவில்லை. "நான் வந்த மாதிரியே போறன். வெள்ளச் சீலையக் கண்டா ரெண்டு பக்கமும் உடுவானுகள்."

"இண்டைக்கு உடமாட்டானுகள், மிஸ்ஸி."

"இரத்தத்தோடயே போறன். அதக் கண்டா இன்னும் உடுவானுகள்."

விடாப்பிடியாகத்தான் சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை. பாயில் கிடந்தபடி அழுது, சண்டை பிடித்து, என் பச்சைப் பெருநாள் சீலையை உங்கள் மடியில் எறிந்தேன். "இத உடுத்து முக்காடு போட்டுப் போங்க. இல்லாட்டி நான் இந்தப் பிள்ளைக்குப் பால் குடுக்கமாட்டன்" என்றேன். பெற்ற பச்சை உடம்போடு அப்படிச் சொல்லும் ஒருத்தியிடம் யார்தான் வாதாடுவார்கள். நீங்கள் சீலையை மாற்றினீர்கள். உம்மா தேங்காயெண்ணெய் தொட்டு உங்கள் பொட்டை அழித்தா.

முக்காடு உங்கள் தலையில் நிற்கவில்லை. எங்களுக்கு அது பழக்கம். முந்தானையை எடுத்துப் போட்டால் தலையிலேயே கிடக்கும், விலகினால் கை தானாகப் போய் இழுத்துவிடும். உங்களுக்கு இரண்டடி நடந்ததும் தோளில் விழுந்தது. விழுந்தால் சந்தியில் பிடிபட்டுவிடுவீர்கள். உங்களைப் பாயருகே குந்தச் சொல்லி நாடிக்குக் கீழே ஒன்று, பிடரியில் கொண்டையோடு சேர்த்து இரண்டு என்று மூன்று ஊசிகள் குத்தினேன். "இனிக் காத்தடிச்சாலும் கழராது" என்றேன். என் கைவேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"மதகத் தாண்டினதும் கழட்டிப்போடுங்க மிஸ்ஸி."

"ஓம் கா. வட்டிலப்பம் தின்ன வரக்குள்ள சீலையையும் கொண்டு வாறன்."

நீங்கள் தெருமுனை தாண்டும் வரை என் கணவர் தள்ளி நின்று பார்த்தார். சந்தியில் நின்றவர்களில் ஒருவன் உங்களுக்கு ஸலாம் சொன்னானாம். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு நடந்தீர்களாம்.

அவளுக்கு முதல் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் வெடிச் சத்தம் புதினமில்லை. பிள்ளை பாலை விட்டுத் திடுக்கிட்டது, பிறகு குடித்தது. நானும் தூங்கிப்போனேன். அந்தத் தூக்கத்துக்காக நான் என்னை மன்னிக்கவில்லை.

மறுநாள் எருமை பார்க்கப் போன ஒருவர் உங்களைக் கண்டு வந்து சொன்னார். மதகுக்கு அந்தப் பக்கம், இருபது அடி தள்ளி. அங்கே காவலுக்கு நின்ற உங்கள் ஆட்கள், முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் ஆண் ஒருவன் வருகிறான் என்று நினைத்துச் சுட்டதாகப் பிறகு காதில் விழுந்தது. நீங்கள் முகம் குப்புறக் கிடந்தீர்களாம், ஒரு கை பிடரியில் இருந்ததாம். அந்தக் கையை நான் காணவில்லை. காணாததுதான் இத்தனை வருடமும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்கள் ஊரில் சோனகர்தான் கொன்றார்கள் என்று கதைத்தார்கள். எங்கள் ஊரில் அவர்களே கொன்றுவிட்டு நம்மேல் போடுகிறார்கள் என்றார்கள். ஊசியைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. உம்மாவும் என் கணவரும் அதை மண்ணுக்குள் கொண்டு போனார்கள். உங்கள் அக்கா தன் மகளோடு ஆலையடிவேம்புக்குப் போய்விட்டா என்று அறிந்தேன். அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை தடவை அங்கே இறங்க வேண்டிய இடத்தைக் கடந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் இறங்கினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கும் வயது போகிறது, உங்கள் அக்காவுக்கு இன்னும் போகிறது, அவ்வளவுதான்.

அக்கா என்னை உடனே அடையாளம் கண்டா. கதிரையை இழுத்துப் போட்டா. நான் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன், சீலை, எண்ணெய், ஊசி.

"ஊசியெல்லாம் எனக்குத் தெரியும் கா. குளிப்பாட்டக்குள்ள நான்தானே கழட்டினன். நாடிக்குக் கீழ கிடந்தத அவளே கழட்டிட்டாள். பின்னால ரெண்டும் அப்படியே கிடந்திச்சு. விரலெல்லாம் குத்துப்பட்டிருந்திச்சு." தொடர்ந்து, "ஆரு சுட்டதெண்டும் எனக்குத் தெரியும். எங்கட ஊருக்குள்ள இருந்துகொண்டு அதச் சொல்ல ஏலாமக் கிடந்திச்சு" என்றா.

பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றைக் கேட்டா. "அத அவள் தன்ட விருப்பத்துலதானே போட்டவள்? நான் அப்படி நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் மனச ஆத்திக்கொண்டிருக்கன்."

ஓம் என்று ஒரு சொல் போதும், மிஸ்ஸி. அவவுக்கும் நிம்மதி, எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கிடைத்திருக்கும்.

"இல்ல அக்கா," என்றேன். "அவ வெள்ளச் சீலையோடதான் போகக் கேட்டவ. நான்தான் உடல்ல."

அக்கா எழும்பி உள்ளே போனா. நான் வெகுநேரம் இருந்தேன். கடைசியில் வந்து கேற் வரைக்கும் என் பின்னால் நடந்தா. போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. நான் தெருவில் இறங்கியதும் கொண்டியைப் போட்டா.

அவ என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டா. அதை நான் சுமந்துகொண்டுதான் போவேன். ஆனால் ஒரு பொய்யால் உங்களை இரண்டாம் முறையும் மூடி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, மிஸ்ஸி.