தண்ணீர் ஏன் கடைசியில் ஏறியது?

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு வந்திருக்கிறேன். இன்று தண்ணீர்த் தட்டின் நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார்கள். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறியது. "ஏன்?" என்றார் பயிற்சியாளர். எரிந்து போன ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது என்று எல்லோரும் ஒப்பித்தார்கள். இருபது வருடமாக நானும் அதைத்தான் சொல்லி வந்தேன்.

இன்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்படின்னா எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறணுமே சார்? அணைஞ்ச பிறகு ஏன் சட்டுனு ஏறுது?"

"பிரமாதமான கேள்வி மேடம்! எப்படித் தோணுச்சு?"

"எனக்கெங்க தோணுச்சு? என் வகுப்புல ஏழாவது படிக்கிறப்ப என் பொண்ணு கேட்டா. அதிகப்பிரசங்கின்னு திட்டி வெளியே நிக்க வெச்சேன்."

பயிற்சியாளர் மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றி, டம்ளரைக் கவிழ்த்தார்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சூடான காற்று குமிழ் குமிழாக டம்ளர் விளிம்பில் வெளியேறியது. மிச்சம் இருந்தது குளிர்ந்து சுருங்கியபோதுதான் தண்ணீர் ஏறியது. நீ கேட்டது நியாயமான கேள்வி.

அன்றிலிருந்து நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்தைக்கூடத் தகவலாகத்தான் சொன்னாய்.

மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறுகிறது. ஏழு வைத்தால்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்க்கப்போகிறேன். கூடப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வருகிறாயா? இந்த முறை கேட்கிறவள் நான்.

அம்மா