பனி பார்த்த கார்

பே சிட்டி, மிச்சிகன்
ஏப்ரல் 6, 2024

அன்புள்ள ஜெரார்ட்,

நலம். நீயும் அங்கே நலமென்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நேற்றுப் பூசை முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு தம்பதி. அந்த மனிதன் தலையிலிருந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பாட்டிம்மா, வீட்டுல ஐயா இருக்காரா? மஸ்டாங் கார் விஷயமா வந்திருக்கோம்."

"இருக்கார். கல்லறைத் தோட்டத்துல. கடைசி சிக்னல்ல இடது பக்கம் திரும்புங்க" என்றேன்.

அவன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். என் கராஜ். என் சிவப்பு கார். கீழே உன் தொலைபேசி எண்ணும் என் விலாசமும். 'அப்பாவின் செல்லக் கார். விற்பனைக்கு. அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பார். பனியே பார்த்ததில்லை!!!' மூன்று ஆச்சரியக்குறிகள். என் கான்வென்டில் ஒன்றுக்கே முழங்கால் போட வைப்பார்கள்.

எந்த அப்பாவின் கார்? உன் அப்பாவுக்குக் கிளட்ச் எந்தக் காலுக்கு என்றே தெரியாது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற வருடம் என் பணத்தில், என் பெயரில் வாங்கிய கார் அது. மடக்குக் கூரைதான் வேண்டும், கையால் போடும் கியர்தான் வேண்டும் என்று விற்பனையாளனோடு வாதாடியவள் நான். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "பெர்னி, மெதுவா! மாதா சத்தியமா மெதுவா!" என்று கத்துவார். இறங்கியதும், "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்பார்.

பனி பார்க்காததா? அவருக்கு மூச்சுத் திணறிய அன்று அவருடைய வண்டி சறுக்கிப் பள்ளத்தில் கிடந்தது. இந்தக் காரில்தான் அவரைச் சாய்த்துவைத்து, கொட்டுகிற பனியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தைத் துருப்பிடிக்க வைத்துவிடாமல், மறுநாள் நானே தண்ணீர் அடித்துக் கழுவினேன். இத்தனை வருடத்தில் அது பனியில் போனது அந்த ஒரு முறைதான். அதைத்தான் நடக்கவே இல்லை என்று நீ ஊருக்கு விளம்பரம் செய்திருக்கிறாய்.

அந்தப் பெண் மட்டும் மரியாதையாக, "உள்ள உட்கார்ந்து பாக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். உட்கார்ந்ததும் கை தானாகக் கியருக்குப் போனது. "எங்கப்பா லாரியில இதத்தான் போட்டுப் பழகினேன்."

"உனக்கெதுக்கு ரோண்டா? தானா கியர் மாத்துற காரையே நீ செவுத்துல இடிக்கிற" என்று சிரித்தான் அவன். கதவைக் காட்டி அனுப்பிவிட்டேன். அவளிடம் மட்டும் எண் வாங்கிக்கொண்டேன்.

விளம்பரத்தை எடு. ஏன் போட்டாய் என்று எழுது.

உன் அம்மா


ஃபீனிக்ஸ், அரிசோனா
ஏப்ரல் 13, 2024

அன்புள்ள அம்மா,

கோபப்படாதீர்கள். வயதான ஒருவர் அளவாக ஓட்டியது என்றால் வாங்குபவர்களுக்கு ஒரு நம்பிக்கை. விளம்பரம் என்றால் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

போன அக்டோபரில் பக்கத்து வீட்டு ஹெக்மேன் ஆன்ட்டியின் வாசல் தபால் பெட்டியைக் காரால் இடித்தீர்கள். அவர்தான் எனக்குச் சொன்னார். "ஜெர்ரி, உங்கம்மா கூரையத் தொறந்துவிட்டு காத்தா பறக்கறா. பாக்கற எனக்கே பயமா இருக்கு" என்றார். உங்களுக்கு எழுபத்தெட்டு வயது. மருத்துவமனையிலிருந்து எனக்கு எப்போது அழைப்பு வருமோ என்ற பயத்திலேயே இருக்கிறேன். நான் இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன், அம்மா.

எப்படியும் அது இப்போது கிளம்பாது. அப்படியே விட்டுவிடுங்கள். வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஜெரார்ட்


பே சிட்டி
ஏப்ரல் 20, 2024

ஜெரார்ட்,

கார் கிளம்பாது என்று நான் உனக்கு எழுதவே இல்லை.

அன்று ரோண்டா காரில் உட்கார்ந்தபோது எஞ்சின் சத்தம் கேட்க ஆசைப்பட்டாள். சாவியைத் திருப்பினேன், ஒரு முனகல்கூட இல்லை. குளிர்காலம் முழுக்க வெளியே எடுக்காமல் பார்த்துப் பார்த்து வைத்திருந்தும் என் கவனிப்பில் குறையோ என்று வெட்கப்பட்டேன். அதனால்தான் உனக்கு அதை எழுதவில்லை.

உன் கடிதம் வந்ததும் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி வயர் ஒன்று கழற்றப்பட்டு, முனையில் அழகாகத் துணி சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று மடக்கு நாற்காலி எடுத்து வருகிறேன் என்று கராஜுக்குப் போனாயே, அப்போதுதானே? நான் உனக்காக அடுப்பில் பியெரோகிக் கொழுக்கட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாய்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "அம்மா, இனிமே ஓட்டாதீங்க" என்று நீ சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். கத்தட்டுமே, அது என் வீடு. சாவியை ஒளித்துவைப்பது ஐந்து வயதுக் குழந்தையிடம் செய்கிற வேலை. நீ அதைக்கூடச் செய்யவில்லை. சாவி என் கையிலேயே இருக்க, கார் தானாகச் செத்துவிட்டது என்று என்னை நம்பவைத்தாய்.

வயரை நானே மாட்டிவிட்டேன். சாவியை ஒரு தடவை திருப்பியதுமே கிளம்பியது. ஹெக்மேனின் தபால் பெட்டியை நான் இடித்தேன், மறுக்கவில்லை. அன்றே புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் உனக்குச் சொன்னாளா?

பெர்னடெட் நோவிக்கி
காரின் உரிமையாளர்


ஃபீனிக்ஸ்
ஏப்ரல் 29, 2024

அம்மா,

ஆமாம், நான்தான் கழற்றினேன். உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு தைரியம் இல்லை. அப்பாவுக்கே இருந்ததில்லை.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். காரை வைத்துக்கொள்ளுங்கள், இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஜூனில் வருகிறேன். என்னை மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள்.

ஜெர்ரி


பே சிட்டி
மே 18, 2024

அன்புள்ள ஜெரார்ட்,

காரை விற்றுவிட்டேன்.

நீ சொன்னதற்காக இல்லை. கண் மருத்துவரிடம் ஜனவரியிலேயே நேரம் கேட்டிருந்தேன், இந்த மாதம்தான் கிடைத்தது. சாயங்காலமானால் எதிரே வரும் விளக்குகள் எனக்குச் சிதறித் தெரிகின்றன. அக்டோபரிலிருந்தே அப்படித்தான். அதன்பிறகு பகலில் மட்டும்தான் வண்டியை எடுத்தேன். டாக்டர் சோதித்துவிட்டு, "பகல்லயும் இனிமே வேண்டாம் மேடம்" என்றார். "சரி" என்றேன். அவர் மேலும் ஏதேதோ சமாதானம் சொல்லத் தயாராக இருந்தார். தேவைப்படவில்லை.

அந்தச் சரியை உன்னிடமும் சொல்லியிருப்பேன். நீ என்னைக் கேட்கவே இல்லை. நானாக நிறுத்த வேண்டியதை நீ திருட்டுத்தனமாக நிறுத்தப் பார்த்தாய். எனக்கு ஆறாதது அதுதான்.

ரோண்டாவைக் கூப்பிட்டேன். தனியாக வந்தாள். பனியில் போனதைச் சொன்னேன், எதற்காகப் போனது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கூரையைத் திறந்து ஆற்றங்கரை வரை ஓட்டினாள், நான் பக்கத்தில். இரண்டாவது கியர் கரகரத்தது.

"பயப்படாம மிதி" என்றேன்.

"பயமில்ல மேடம், மரியாதை" என்றாள். அவளுக்குத்தான் கொடுத்தேன்.

மன்னித்துவிட்டதாக ஒரு வரி கேட்டிருக்கிறாய். இப்போது எழுதினால் அது பொய்யாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் இந்த வருடத்துக்குப் போதுமான பொய் எழுதியாகிவிட்டது.

ஜூனில் வா. உன் அறையை ஒழுங்குசெய்து வைக்கிறேன். ஆனால் கராஜ் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணை மாற்றிவிட்டேன், புதிய எண்ணை உனக்குத் தருவதாக இல்லை. சொந்தக்காரர்கள் கராஜ் வழியாக வருவார்கள், மற்றவர்கள் முன்வாசலில் மணி அடிப்பார்கள். இப்போதைக்கு நீ மணி அடி. நான் வந்து திறப்பேன்.

உன் அம்மா