பின்சீட்டுப் பாரம்

அத்தை,

நேற்று பொழுது சாய்ந்ததும் காரைக் காம்பவுண்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி லைட்டைப் போட்டேன். வெளிச்சம் விழ வேண்டிய உயரத்தைக் குறித்து அன்று நாம் சுவரில் ஒட்டிய கறுப்பு டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. வெளிச்சம்தான் அந்தக் கோட்டில் இல்லை. நாலு விரல் கீழே கிடந்தது. பின்சீட்டில் நீங்கள் இல்லை, டிக்கியில் உங்கள் வீல்சேர் இல்லை. பின்பாரம் இறங்கியதும் வண்டியின் மூக்கு தாழ்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

உங்களுக்குக் கிட்னி கெட்டு, டயாலிசிஸுக்காக மதுரைக்கும் வீட்டுக்குமாக நாம் அலைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. உங்கள் மகனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங் என் தலையில் விழுந்தது. அவர் பின்னால் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். விடியுமுன் ராஜபாளையத்தில் கிளம்பினால், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டுவார்கள். நான் டிம்மில்தான் போவேன், ஆனாலும் ஏச்சு வாங்குவேன். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது காலி வண்டியை; பின்பாரத்தில் மூக்கு தூக்கிக்கொள்வது அதில் தெரியாது.

உங்களை ஏற்றிவைத்து வீட்டிலேயே சரிபார்க்கலாம் என்றதும் உங்களுக்கு வந்ததே கோபம்!

"நான் என்ன ஒனக்குத் தராசுல வைக்கிற படிக்கல்லாட்டி?"

ஏறி உட்கார்ந்த பிறகு நீங்கள்தான் மேஸ்திரி. ஒரு லைட்டைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதன் திருகாணியை நான் திருக, நீங்கள் சன்னல் வழியாகச் சுவரைப் பார்த்து ஏவிக்கொண்டிருந்தீர்கள். போதும் என்று நான் நிறுத்தியபோது விடவில்லை.

"எதுத்தாப்புல வாரவன் கண்ணு கூசி எங்கயாவது விட்டாம்னா அந்தப் பாவத்த எங்க போயிக் கழுவ? நான் எப்படியும் போறவ. இன்னும் எறக்கு."

நமக்குள் ஒத்துப்போன நாட்கள் கொஞ்சம்தான். உப்பில்லாத சோற்றுக்கும், டாக்டர் அளந்து கொடுக்கச் சொன்ன தண்ணீருக்கும் என்னைத்தான் வைதீர்கள். ஒரு மடக்குத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறாயே, நீ நல்லா இருப்பியா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள் மட்டும் நாம் சண்டை போட்டதில்லை. அதற்கு உங்களிடம் தெம்பு இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு, கார் லைட்டை மறுபடி மேலே திருக வேண்டும் என்று சொன்னேன். உங்கள் மகன் விடவில்லை. "அம்மாவுக்காக வச்சது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். வீல்சேரை வேறொருவருக்குக் கொடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை. அவரிடம் என்ன பேச? விட்டுவிட்டேன்.

முந்தாநாள் இருட்டுகிற நேரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தேன். கேரியரில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கிட்டத்தில் வந்த பிறகுதான் அவர் கால் எனக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தேன். வண்டி சைக்கிளில் உரசியதில் புல்லுக்கட்டு ரோட்டில் விழுந்தது. அவர் விழவில்லை. நான் இறங்கி ஓடினேன். அவர் திட்டவில்லை.

"லைட்டு எரியுதுல்லா தாயி. பொறவு எப்படித் தெரியாமப் போச்சு?"

செத்துப்போனவருக்காக வைத்த வெளிச்சம் என்றா சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து உங்கள் மகனிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெரியவருக்கு ஒன்று ஆகியிருந்தால் உங்க அம்மா நம்மளச் சும்மா விடுவாங்களா என்று கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகனே திருப்புளியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

திருகத் திருக வெளிச்சம் சுவரில் மேலே ஏறியது. உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியைவிட்டு இறக்கிவிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. அழுதுகொண்டேதான் திருகினேன். டேப்பைத் தொட்டதும் நிறுத்தி, ஓட்டிப் பார்க்கலாம் வாங்க என்று கூப்பிட்டேன். அவர் பழக்கத்தில் பின்கதவைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தி, முன்னால் வந்து உட்கார்ந்தார்.

ஊர்க்கடைசி மில்லைத் தாண்டியதும் ரோடு நீளத்துக்குத் தெரிந்தது. புளியமரங்கள், ஓரமாக நடந்துபோகிறவர்கள், எல்லாமே தூரத்திலேயே தெரிந்தன. வேகத்தடை ஒன்று வந்தது. உங்கள் இடுப்பு வலிக்காமல் ஏற்றி இறக்கிப் பழகிய கால், தன்னால் பிரேக்குக்குப் போனது. வண்டியை ஊர்ந்து ஏற்றினேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது நீங்கள் முனகுவீர்களே, அதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

பின்சக்கரமும் இறங்கிவிட்டது, அத்தை. சத்தம் வரவில்லை.