மேற்கே பார்த்த நாற்காலி

9 பிப்ரவரி 1926

இரண்டு உள்ளங்கையிலும் சுணை. சப்பாத்திக்கள்ளியின் பெரிய முள் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிப் போடலாம். இந்தப் பொடிமுள்தான் சோற்றில் கை வைக்க விடுவதில்லை. என் சம்சாரம் வள்ளியாத்தாள் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, "ஆளு உட்டுச் செஞ்சா ஆகாதுங்களா?" என்றாள். ஆள் எங்கே இருக்கிறது? உடம்பில் தெம்புள்ளவன் எல்லாம் அணை வேலைக்கு மேட்டூர் போய்விட்டான். மிச்சம் இருப்பது நான்.

முப்பது வருஷம் ரயில்வேயில் கேங் மேஸ்திரி. என் ஆட்கள் பராமரித்த தண்டவாளப் பாதையில் ஒரு புல் தலை தூக்கியதில்லை. ரிட்டையர் ஆகி அப்பன் வீட்டுக்கு வந்தால் புழக்கடை முழுக்கக் கள்ளி, ஆள் உயரத்துக்கு. அப்பன் போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு. கேட்பாரில்லை என்று வளர்ந்திருக்கிறது. விடுவேனா?

17 பிப்ரவரி

வெட்டிப் போட்ட மடல் விழுந்த இடத்திலேயே வேர் விடுகிறது. என்ன திமிர்! கவைக்கோலால் அள்ளிக் குவித்து, காய்ந்தபின் கொளுத்த வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாளைக்கும் உண்டு வேலை.

26 பிப்ரவரி

ஒரு கண்ணாடி விரியன். கடப்பாறையைப் பார்த்ததும் அதுவே இடத்தைக் காலி செய்தது.

12 மார்ச்

மேற்குக் கோடி மட்டும் பாக்கி. அங்கே கள்ளி மதில் மாதிரி நிற்கிறது. அதற்கு அப்பால் பள்ளம், புறம்போக்கு. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அக்கா வந்து நின்று, "அந்தக் கோடிய மட்டும் உட்ருங்க தம்பி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, கொண்டுவந்த மோரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வள்ளியாத்தாளும் அதையே சொன்னாள். "பாம்பு இருக்குமுங்க." பாம்பு இருந்தால்தான் வெட்டியே ஆக வேண்டும். பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

27 மார்ச்

முடிந்தது. கடைசிக் குவியலுக்கும் தீ வைத்தாயிற்று. பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பள்ளம் முழுக்கத் தெரிகிறது, அதற்கு அப்பால் திருச்செங்கோட்டு மலை. நடுவில் மறைப்பு என்று ஒன்று கிடையாது. எஞ்சின் டிரைவர்கள் ஆசைப்படுவது இப்படிப்பட்ட பார்வைக்குத்தான். எதிர்வீட்டுக் கருப்பண்ணன் எட்டிப் பார்த்து, "மேஸ்திரி, ரயிலு எப்பங்க வருது?" என்று கேட்டுவிட்டுப் போனான். வயிற்றெரிச்சல். இனி விடியும்போதும் பொழுது சாயும்போதும் என் இடம் இதுதான்.

8 ஏப்ரல்

இந்தத் தெருப் பெண்களுக்கு என்ன வந்தது? என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். செல்லியம்மாள் அக்கா மோர் கொடுத்தனுப்புவதும் நின்றுவிட்டது. கள்ளி எரித்த சாம்பல் அவர்கள் காயப்போட்ட துணியில் விழுந்ததோ என்னவோ.

19 ஏப்ரல்

வள்ளியாத்தாள் ராத்திரியில் சாப்பிடுவதில்லை. "பசிக்கலீங்க" என்கிறாள். எனக்கு மட்டும் களி கிண்டிப் போடுகிறாள். இந்த வெயிலில் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொடக் காணோம். கேட்டால் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள்.

30 ஏப்ரல்

இளைத்துவிட்டாள். ஊர் ஒத்துக்கொள்ளவில்லையோ? எனக்குப் பயமாக இருக்கிறது.

4 மே

காய்ச்சல். நீர்க்கடுப்பில் சுருண்டு கிடக்கிறாள். வைத்தியர் கைலாசம் நாடி பார்த்துவிட்டு, "அம்மிணி, நீங்க தண்ணியே குடிக்கறதில்லீங்களா?" என்று கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இளநீரும் சீரகத் தண்ணீரும் விடாமல் கொடுக்க வேண்டுமாம். இப்படியே விட்டால் உயிருக்கே மோசம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். இத்தனை வருஷத்தில் இப்படி முரண்டு பிடித்ததில்லை.

5 மே

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டாலும் ஆறாது.

இளநீரை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தேன். செல்லியம்மாள் அக்கா உள்ளே வந்தாள். என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "குடிச்சா அவ எங்க போவா தம்பி?"

எனக்கு விளங்கவில்லை.

"இந்தத் தெருப் பொம்பளைங்க அத்தன பேரும் அந்தப் பள்ளத்துக்குத்தான் போவோம். கள்ளி மறப்பா இருந்துச்சு. அதைய வெட்டிப்போட்டு, விடியக் காத்தாலயும் பொழுதோடயும் மேக்க பாத்து நாற்காலி போட்டு உக்காந்துக்கறீங்க. நாங்க இருட்டின பொறகு ஓடை வரைக்கும் போறோம். இவளுக்கு இருட்டுல கண்ணு தெரியாது. அதனால வாயக் கட்டிப்போட்டா."

ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்? நான் மலையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் — மலையைத்தான் பார்த்தேன் என்று எந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வது? ரயில்வே குவார்ட்டர்ஸில் கக்கூஸ் இருந்துச்சு. இங்க ஆம்பளைக்கு ஏரிக்கரை இருக்குது. பொம்பளை எங்க போவான்னு ஒரு நாளாவது நெனச்சனா?

"ஏம் புள்ள எங்கிட்டச் சொல்லல?" என்று வள்ளியாத்தாளைக் கேட்டேன்.

"இதையப் போயி எப்படிங்க வாய் உட்டுச் சொல்றது? நீங்க வேற அத்தன சந்தோசமா இருந்தீங்க."

அந்தச் சொல்தான் அறுக்கிறது. எழுந்து போய் நாற்காலியைத் தூக்கி முன்வாசலில் போட்டேன். திரும்பி வந்தபோது, அக்கா பிடித்துக்கொள்ள, அவள் பாதி இளநீர் குடித்திருந்தாள்.

6 மே

வள்ளியாத்தாள் நடக்கிற நிலையில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஆழமாக ஒரு குழி வெட்டி, மேலே பலகை போட்டு, சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டிவிட்டேன். நாளைக்கு மேற்குக் கோடி நெடுகத் தட்டி.

11 மே

காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று மோர் வந்தது.

ஓலைத் தட்டி ஆடிக் காற்றுக்குத் தாங்காது. அதை ஒட்டியே கிளுவை வேலி போடுகிறேன், ஆள் உயரக் குச்சிகளாக, நெருக்கி நெருக்கி. கருப்பண்ணன் வந்து, "வெட்டுன எடத்துலயே மறுக்கா நடறீங்களா மேஸ்திரி?" என்றான். "ஆமாப்பா. லைனு தப்பாப் போட்டா, பேத்துப்போட்டுச் சரியாப் போடோணும்" என்றேன். கேலி செய்வான் என்று பார்த்தேன். போய்விட்டு, தலையில் ஒரு கட்டு கிளுவைக் குச்சியோடு திரும்பி வந்தான். அவன் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

24 மே

மழையைக் காணோம். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறேன். ஒரு குச்சியைக்கூடச் சாக விட மாட்டேன்.

13 ஜூன்

துளிர்த்துவிட்டது.

8 ஆகஸ்ட்

ராத்திரி அடித்த காற்றில் ஓலைத் தட்டி சாய்ந்தது. கிளுவை சாயவில்லை. அடியிலிருந்து நுனி வரை இலை. ஊடே ஒரு சப்பாத்தி மடல் முளைத்திருக்கிறது. கடப்பாறையோடு போனவன், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

பொழுது சாயும்போது முன்வாசலில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, கருப்பண்ணன் வீட்டுச் சுவரும் அவன் எருமையும்தான். வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். வள்ளியாத்தாளின் குரலும் அதில் இருந்தது.

ராத்திரி என் எதிரே உட்கார்ந்து களி சாப்பிட்டாள். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். காலிச் சொம்பை என் பக்கம் நீட்டி, "இன்னொரு சொம்பு மொண்டு தாங்க" என்றாள்.