கண்ணாடிக் குச்சிக்குக் கொம்புப் பெயின்ட்

குடவாசல்,
தை 22.

அன்பு மகள் வானதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். பெரியப்பா மகன் ராம்கி ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் ஒரு ஓரம் கேட்டு வாங்கியிருக்கிறேன், கறிவேப்பிலைப் பொடியும் உப்பு நார்த்தங்காயும் இந்தக் கடிதமும் அதில் வரும். தினம்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தன் கட்சியைப் பேசுவார், என்னை முழுதாகச் சொல்ல விடமாட்டார்.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஒரு மழை வந்து பயமுறுத்தியது, ஆனாலும் நெல் காய்ந்து நல்லபடியாகக் கொள்முதலுக்குப் போய்விட்டது. அதனால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்கிறது. அவர் கை சும்மா இருந்தால் வீட்டில் எந்தப் பொருளும் இருந்த இடத்தில் இருக்காது என்பது உனக்குத் தெரியும். போன லீவில் நீ விட்டுப்போன பர்னரை வைத்துக்கொண்டு பின்கட்டு அறையில் நான் கண்ணாடிக் குச்சியை உருக்கி மணி செய்வதும் தெரியும். இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது, மணி உருண்டையாகவே வருகிறது. இதைப் பார்த்துத்தான் என்னோடு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்திய ரசியா பேகம் ஒருநாள் வந்தாள். அவளுடைய மாமியார் ஜன்னத் பீவி ரமலானுக்கு முன்னால் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார். சர்க்கரையில் அவருக்குப் பார்வை போய்விட்டது, விரலும் கொஞ்சம் மரத்துவிட்டது, கடையில் வாங்கிய தஸ்பீஹில், அதுதான் ஓதி எண்ணும் மாலை, அதில் எல்லா மணியும் அவர் விரலுக்கு ஒன்றுபோலவே வழுக்குகிறது. "எண்ணிக்கை விட்டுப்போயிடுது டீச்சர், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, அப்புறம் உக்காந்து அழுவுறாங்க. அங்க போயும் இப்படி ஆயிடுமோன்னு பயப்படுறாங்க" என்றாள். நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பச்சை மணி வழவழப்பாக வரும், முப்பத்துமூன்றில் ஒவ்வொரு பதினொன்று முடிந்ததும் ஒரு பெரிய மணி, அதன்மேல் வெள்ளைக் கண்ணாடியில் பலாப்பழத் தோல்போல முள் முள்ளாக. மரத்த விரலுக்கும் அது தெரியும்.

இதற்குள் சாவித்திரி சித்தி பேத்திக்குக் காதுகுத்து என்று நான் சீர்காழி போய்விட்டேன். நீ ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த குச்சிகள் ஒரு அட்டைப்பெட்டியிலும், நான் வடக்கே ஃபிரோசாபாத்திலிருந்து வரவழைத்தவை இன்னொரு பெட்டியிலும் இருந்தன. பெட்டிதான் அடையாளம், குச்சியில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் காலி. போர் போட்டபோது மிஞ்சிய பைப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, தேன்கூடு மாதிரி அடுக்கி ஒட்டி, இரண்டு பெட்டிக் குச்சியையும் கலர் வாரியாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறார் அப்பா. பச்சைக்கு ஒரு குழாய், வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. "எப்படி இருக்கு டீச்சர், இனிமே கலரைத் தேடி அலைய வேணாம்" என்றார். உண்மையாகவே அழகாக இருந்தது, நானும் பாராட்டிவிட்டேன்.

மணியெல்லாம் செய்து வழக்கம்போல உமிச்சாம்பல் பானையில் புதைத்து மெதுவாக ஆறவிட்டேன். காலையில் எடுத்துத் தட்டில் பரப்பிவிட்டுக் காபி குடிக்கிறோம், டிக் என்று ஒரு சத்தம். அப்பா உத்தரத்தைப் பார்த்து "பல்லி சொல்லுது, நல்ல சகுனம்" என்றார். மறுபடி டிக். இந்தப் பல்லி தட்டுக்குள் இருந்தது வானதி. வெள்ளை முள் ஒவ்வொன்றாகப் பச்சையையும் பெயர்த்துக்கொண்டு தெறித்தது. இரண்டு ஊர்க் கண்ணாடியும் கலந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கு விளங்கவில்லை, எல்லாம் கண்ணாடிதானே என்றார். ஒன்பதாம் வகுப்பில் பித்தளையும் இரும்பும் சேர்த்து ஒட்டிய பட்டையைச் சூடாக்கி அது வளைவதைக் காட்டுவேனே, அதைச் சொன்னேன், முழித்தார். சரி, ஒரே நுகத்தில் ஒரு நெட்டை மாட்டையும் ஒரு குட்டை மாட்டையும் பூட்டினால் வண்டி என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வாய்க்கால்ல எறங்கும்" என்றார். அதுதான், கண்ணாடியும் ஆறும்போது சுருங்கும், ஒன்று அதிகமாகச் சுருங்கும், ஒன்று குறைவாக, கடைசியில் பிய்த்துக்கொள்ளும் என்றேன். இரண்டு குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் மொகத்துல ஒரு வித்தியாசமும் தெரியலியே, இப்ப எப்படிப் பிரிக்கிறது" என்றார். வெள்ளிக்கிழமை ஜன்னத் பீவிக்கு விமானம்.

நல்ல வேளை, நீ கொடுத்ததில் ஒரு பாக்கெட் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, அது உன்னுடையது என்பதில் சந்தேகமில்லை அல்லவா, அதையும் சந்தேகக் குச்சியையும் தீயில் ஒட்டி, நூல்போல இழுத்து ஆறவிட்டேன். நூல் நேராக நின்றால் இரண்டும் ஒரே ஜாதி. கருக்கரிவாள் மாதிரி வளைந்தால் வேறு. நீகூட ஒருமுறை சொன்னதுதான். நான் இழுக்க, அப்பா பார்த்துச் சொல்ல, "இது கோணிக்கிச்சு, வடக்கத்தி", "இது நம்ம பொண்ணு கொண்டாந்தது" என்று குச்சி குச்சியாகப் பிரித்தோம். பிரித்ததற்கு அடையாளம் வேண்டுமே. பேப்பரில் எழுதிக் குச்சி நடுவில் ஒட்டினேன், தீச்சூட்டில் கருகிப் பிசின் நாற்றம் அடித்தது. அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மிஞ்சிய பெயின்ட் டப்பா இரண்டையும் கொண்டுவந்தார். உன் குச்சிக்கு நுனியில் நீலம், வடக்கத்திக் குச்சிக்குச் சிவப்பு. "தலைய ஆட்டாம பெயின்ட் அடிச்சுக்கிற மாடு இதுதான்" என்று சொல்லிக்கொண்டே முக்கி முக்கி நிறுத்தினார், மீசையிலும் ஒரு சொட்டு நீலம். பெயின்ட் நுனி எப்போதும் கையில், மறு நுனிதான் தீயில், ஆகவே குச்சி விரல் நீளத்துக்குக் குறைந்தாலும் எந்த ஊர் என்று தெரியும். இன்னொன்றும் செய்தோம். கறுப்பு என்று அவர் ஒன்றாகப் போட்டிருந்தவற்றை உருக்கிப் பார்த்தால் ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று கருநீலம். அதனால் ஒவ்வொரு குழாய் வாயிலும் அந்தக் குச்சியில் செய்த ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது அந்த அடுக்கைப் பார்த்தால் சலங்கை கட்டிய மந்தை நிற்பதுபோல இருக்கிறது.

நீல நுனிக் குச்சிகளை மட்டும் எடுத்து மறுபடி செய்தேன். பானையைத் திறந்து, தட்டில் கொட்டி, அன்று முழுக்க இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிக் இல்லை. உத்தரத்துப் பல்லி ஒருமுறை சொன்னதற்கு நான் பதறி எழுந்தேன், அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வியாழன் சாயங்காலம் கோத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜன்னத் பீவி வாய்க்குள் ஓதிக்கொண்டே உருட்டினார், முள் மணி வந்ததும் விரல் நின்றது, சிரித்தார், மறுபடி உருட்டினார், மறுபடி நின்றது. ஒரு சுற்று விடாமல் எண்ணி முடித்தார். பிறகு அப்பா பக்கம் முகத்தைத் திருப்பி, "கோவிந்தராசு தம்பி, ஒங்களுக்கு அங்க என்ன துஆ கேக்கணும்" என்றார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "குறுவைக்கு மேட்டூர்ல நேரத்துக்குத் தண்ணி தொறக்கணும்னு கேளுங்கம்மா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, உன்னைச் சொல்லியிருக்கலாம், என் முழங்காலையாவது சொல்லியிருக்கலாம்.

நேற்று மக்காவிலிருந்து, கூடப் போயிருக்கும் ரசியா வாட்ஸப்பில் மாமியார் குரலை அனுப்பியிருந்தாள். "டீச்சரம்மா, ஒரு தடவகூட எண்ணிக்கை விட்டுப்போகல. தம்பிகிட்ட சொல்லிடுங்க, முள்ளு மணி வர்றப்பல்லாம் தண்ணிய ஞாபகப்படுத்திட்டேன்." அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, இன்று காலை நாற்றங்கால் மூலையைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பிப் போயிருக்கிறார். குறுவைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது பார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மறக்காதே, அடுத்த முறை குச்சி கொண்டுவந்தால் பாக்கெட்டைப் பிரித்து அப்பா கையில் கொடுக்காதே, என்னிடம் கொடு. அதன் நுனிக்கு அடிக்க நீல டப்பாவை இறுக்கி மூடி வைத்திருக்கிறேன்.

அன்புடன் உன் அம்மா,
கோ. பிரகதாம்பாள்.